சாவேஜ் வழியா, ஃப்ளேர் வழியா? மேட்சை முழுக்க எழுதி வைத்துக்கொள்வது பற்றி ஒரு கேள்வி

மூன்றாம் கயிறு:

நண்பர்களே, கொஞ்ச நாளாகவே மனசைக் குடையும் ஒரு கேள்வி.

ரெஸ்லிங் ஷோவான ரெஸில்மேனியா 3-இல் (1987 மார்ச் 29) நடந்த ராண்டி சாவேஜ் – ரிக்கி ஸ்டீம்போட் மேட்சை உங்களில் பலரும் பார்த்திருப்பீங்க. சாவேஜ் அந்த மேட்சின் ஒவ்வொரு அசைவையும் தாளில் எண் போட்டு எழுதி வைத்திருந்தார், "இந்த நம்பருக்கு அப்புறம் என்ன வரும்?" என்று கேட்டுக் கேட்டு ஸ்டீம்போட்டை ஒப்பிக்க வைத்தார். இதை ஸ்டீம்போட்டே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அதே ஸ்டீம்போட் 1989-இல் ரிக் ஃப்ளேரோடு மூன்று பெரிய மேட்ச் ஆடினார். பிப்ரவரியில் சிகாகோ, ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ், மே மாதம் நாஷ்வில். ஃப்ளேர் இதற்கு நேர் எதிர். ஃபினிஷ் (யார் எப்படி ஜெயிப்பார் என்று முன்பே முடிவு செய்த கட்டம்) தெரிந்தால் போதும், மீதியை ரிங்குக்குள் பேசிக்கொள்ளலாம் என்ற ரகம்.

ஆள் ஒருத்தர்தான். வழி இரண்டு. இரண்டிலும் வந்த மேட்ச்களை இன்றைக்கும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அப்படியானால் எது சரியான வழி? இப்போது டிவியில் மேட்சை ப்ரொட்யூசரோடு உட்கார்ந்து அடுக்குகிறார்கள், ப்ரோமோவை (மைக்கில் பேசும் பேச்சை) எழுத்தாளர்கள் எழுதித் தருகிறார்கள். எனக்குப் பழைய படபடப்பு வராததற்கு அதுதான் காரணமா? இன்னொன்று, ஹோகன், பிரெட் ஹார்ட் மாதிரி ஒப்பந்தத்திலேயே கிரியேட்டிவ் கண்ட்ரோல் (தன் கதையையும் மேட்ச் முடிவையும் தீர்மானிக்கும் உரிமை) வாங்கி வைத்துக்கொள்வது ஒரு ரெஸ்லருக்குத் தேவைதானா?

உதாரணத்தோடு சொல்லுங்க. பொதுவாக "இரண்டும் வேணும்" என்று முடித்துவிடாதீங்க.

ஏணிப் பிரியன்:

திட்டம்தான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

2001 ஏப்ரல் 1, ஹூஸ்டன், ரெஸில்மேனியா எக்ஸ்-செவன். மேலே தொங்கும் பெல்ட்டைப் பிடித்தபடி ஜெஃப் ஹார்டி அந்தரத்தில் ஆடுகிறார், எட்ஜ் ஏணி உச்சியிலிருந்து பாய்ந்து ஸ்பியர் (தோளால் இடித்துச் சாய்ப்பது) போடுகிறார். மூன்று டீம், ஆறு பேர், மேஜை, ஏணி, நாற்காலி. யார் எந்த நொடி எங்கே நிற்கணும் என்று பேசி வைக்காமல் அதில் இறங்கினால் யாராவது ஒருத்தர் இனி நடக்கவே முடியாமல் போவார். "மனசுக்குத் தோன்றினதைச் செய்" என்கிறதெல்லாம் ஹெட்லாக் (தலையைக் கையால் வளைத்துப் பிடிக்கும் பிடி) காலத்துக்குச் சரி. இன்றைய ஆட்டத்தில் இரண்டு பேரும் காற்றில் இருக்கும்போது பேசிக்கொள்ள முடியாது.

திட்டத்தில் இல்லாதது நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2018 நவம்பரில் பெக்கி லிஞ்சுக்கு ஒரு குத்து நிஜமாகவே விழுந்து மூக்கு உடைந்தது. ரத்தம் வழிய அவர் கூட்டத்துக்கு நடுவில் நின்ற காட்சி அவரை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது, மறுக்கவில்லை. ஆனால் சர்வைவர் சீரிஸில் ரோண்டா ரௌஸியோடு அவருக்கு இருந்த மேட்ச் அதனாலேயே போச்சு. அந்தக் காட்சியைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லணும்.

கோடுபோட்ட சட்டை:

நான் பெரிய நிறுவனம் எதையும் சாராத சின்னச் சின்ன இண்டி ஷோக்களில் பல வருஷம் நடுவராக நின்றவன். ரிங்குக்குள் என்ன கேட்கும், என்ன தெரியும் என்பதிலிருந்து சொல்கிறேன்.

ஃப்ளேர் ஏன் அப்படி, சாவேஜ் ஏன் இப்படி என்பதை அவர்கள் குணத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஃப்ளேர் என்டபிள்யூஏ (வட்டார நிறுவனங்களின் கூட்டமைப்பு) சாம்பியனாக ஊர் ஊராகப் போனவர். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி புரமோட்டர், தனி ஆட்கள், தனி ரசனை. இன்றைக்கு ஓர் ஊரில் அந்த ஊர் ஹீரோவோடு ஒரு மணி நேரம் ஆடி டிரா, நாளைக்கு வேறு ஊர், வேறு ஆள். ஒத்திகைக்கு நேரமே கிடையாது. அது மட்டுமா? அந்தக் காலத்தில் ஹீலுக்கு (வில்லனாக ஆடுபவருக்கு) ஓர் அறை, ஃபேஸுக்கு (நல்லவராக ஆடுபவருக்கு) ஓர் அறை. இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதை வெளியாள் பார்த்தால் பிழைப்பே போயிடும் என்ற பயம். ஓர் அறையில் சொன்ன ஃபினிஷை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே பல இடங்களில் நடுவர்தான். மீதி எல்லாம் ஹெட்லாக்கில், காதோடு காதாக. வழக்கமாக ஹீல்தான் மேட்சை ஓட்டுவார், ஃபேஸ் பின்னாலேயே வருவார். அந்த வாழ்க்கையிலிருந்துதான் ஃப்ளேரின் முறை பிறந்தது. நியூ ஆர்லியன்ஸில் மூன்று சுற்றில் இரண்டை ஜெயிக்கணும் என்று ஏறத்தாழ 55 நிமிடம் ஆடினார்களே, அத்தனை நேரத்துக்கும் அசைவு அசைவாக மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்ளவும் முடியாது, வைத்துக்கொண்டாலும் அது அப்படி மூச்சுவிட்டு நடந்திருக்காது.

சாவேஜுக்குக் கிடைத்தது ஒரே இரவு. பாண்டியாக் சில்வர்டோம், 93,173 பேர் என்று நிறுவனம் அறிவித்த கூட்டம் (அந்த எண்ணிக்கை பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை). எல்லோரும் ஹோகன் – ஆண்ட்ரேவைப் பார்க்க வந்தவர்கள். இவர்களுக்கு 15 நிமிடம்கூட முழுசாக இல்லை. சில மாதம் முன்னால் டிவியில் சாவேஜ் ரிங் மணியால் ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கிய கதை பின்னால் இருக்கு. கடைசியில் அதே மணியை அவர் மறுபடி தூக்கணும், ஜார்ஜ் ஸ்டீல் குறுக்கே வரணும், அந்தக் குழப்பத்தில் ஸ்டீம்போட் சுருட்டி மடக்கி 'பின்' (எதிராளியின் தோள்களை மூன்று எண்ணும்வரை தரையில் அழுத்துவது) எடுக்கணும். இவ்வளவையும் அந்த நேரத்துக்குள் அடக்க வேண்டியவர் எழுதி வைக்காமல் வேறென்ன செய்வார்?

அதனால் "எது பெரிசு" என்று கேட்பதைவிட வேறொன்றைக் கேட்கலாம் என்று படுகிறது. மேட்ச் நடக்கும்போது அதை மாற்றுகிற உரிமை யாரிடம் இருக்கிறது? அவருக்குக் காது கேட்கிறதா?

நான் நடுவராக நின்ற ஓர் இரவு. இரண்டு பேருமே சின்னப் பையன்கள், நல்ல திறமை, முழு மேட்சையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்கள். நாலைந்து நிமிஷத்தில் ஒருவன் வெளியே குதித்து இறங்கியபோது கணுக்கால் மடங்கிவிட்டது. நான் குனிந்து கையைப் பிடித்தேன். நடுவர் கையை அழுத்தினால் அவர்கள் திருப்பி அழுத்தணும், அதுதான் "பரவாயில்லை" என்பதற்கு அடையாளம். திருப்பி அழுத்தினான். சரி, தொடரலாம். கூட்டம் அவன் நொண்டுவதைப் பார்த்துவிட்டது. அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த சனம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது. ஹீலாக ஆடிய பையன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான், அந்தக் காலை நோக்கிப் போவதாகக் காட்டுவது. தொடக்கூட வேண்டாம், பார்த்தாலே போதும். ஆனால் பட்டியலில் அடுத்தது கழுத்துக்கான அடி. அதையே செய்தான். அதற்கடுத்ததையும் செய்தான். நொண்டியவனும் பட்டியலில் இருந்ததால் கயிற்றுக்கு ஓட முயன்றான். முன்னால் சாய்ந்த சனம் அப்படியே பின்னால் சாய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஓர் அசைவுகூடப் பிசகவில்லை, எல்லாம் எழுதினபடியே நடந்தது, மேட்ச் மட்டும் செத்துப் போச்சு.

அதே ஷோக்களில் வயதான ஒரு ஹீல் இருந்தார். அவர் என்னிடம் கேட்பது இரண்டே விஷயம்: எத்தனை நிமிஷம், ஃபினிஷ் என்ன. ரிங்குக்குள் போனதும் முதல் இரண்டு நிமிஷம் எதுவும் செய்யமாட்டார். எதிராளியைப் பிடித்து ஹெட்லாக்கில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்ப்பார். எந்தப் பக்கம் திட்டுகிறார்கள், எந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள். அதற்கப்புறம்தான் எதிராளியின் காதில் முதல் வார்த்தை போகும்.

ஏணிப் பிரியன், ஏணி மேட்சைப் பற்றி நீங்க சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. உயரத்திலிருந்து விழுவது எதுவும் பேசி வைக்காமல் நடக்கக்கூடாது. ஆனால் பாதுகாப்புக்குத் திட்டம் மட்டும் போதும் என்றால் 1997 ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாமை ஒருமுறை பாருங்க. ஓவன் ஹார்ட் போட்ட பைல்டிரைவரில் (தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்கும் அடி) ஸ்டீவ் ஆஸ்டினின் தலை தரையில் மோதி, கொஞ்ச நேரம் கையும் காலும் வேலை செய்யவில்லை. ஆஸ்டின் ஜெயித்துப் பெல்ட் எடுக்கவேண்டிய மேட்ச் அது. ஓவன் உடனே நிறுத்தினார். எதிராளியைத் தொடாமல் கூட்டத்தை வம்புக்கு இழுத்து நேரம் கடத்தினார். ஆஸ்டின் தவழ்ந்து வந்து பின்னாலிருந்து சும்மா ஒரு ரோல்-அப் (சுருட்டிப் பின் எடுப்பது), வலுவே இல்லாத பிடி, ஓவன் தானே சுருண்டு கொடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. முடிவு எழுதினபடி, வழி முழுக்க அந்த நிமிஷத்தில் உண்டானது.

அடுத்த வருஷம் ஜூன் 28, பிட்ஸ்பர்க், ஹெல் இன் எ செல் என்ற கூண்டு மேட்ச். மிக் ஃபோலி கூண்டின் உச்சியிலிருந்து மேஜை மேல் விழுந்தது பேசி வைத்தது. இரண்டாவது தடவை கூண்டின் கூரை பிய்ந்து உள்ளே விழுந்தாரே, அது யாரும் எதிர்பார்க்காதது. அப்போது டெர்ரி ஃபங்க் ரிங்கில் இருந்தார். ஃபோலியின் எதிராளி அண்டர்டேக்கர் ஃபங்கைப் பிடித்து ஒரு சோக்ஸ்லாம் (கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடிப்பது) போட்டார், ஃபங்கின் ஷூ கழன்று ரிங்கிலேயே கிடந்தது. பார்க்கிறவனுக்கு அது இன்னொரு சண்டை. ஃபோலிக்கு அது நினைவு திரும்பக் கிடைத்த அவகாசம். ரிங்குக்குள் யோசித்து மாற்றத் தெரிந்தவர்கள் இருந்ததால் கிடைத்த அவகாசம்.

இன்றைய டிவி பற்றி ஒரு வரி. விளம்பர இடைவேளைக்குள் அடக்கணும், நடுவர் காதில் ஒரு கருவி, "இரண்டு நிமிஷம், முடிக்கச் சொல்" என்று பின்னாலிருந்து குரல் வரும். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், அந்த வேலை அப்படி. படபடப்பு குறைவதற்குக் காரணம் அடுக்கி வைப்பது மட்டும் இல்லை, அடுக்கியதைக் கலைக்கலாம் என்ற தைரியம் இளைய ஆட்களுக்குக் கொடுக்கப்படாததுதான்.

பழைய டேப்:

கோடுபோட்ட சட்டை அண்ணா சொன்னது மேட்சுக்கு. ப்ரோமோவுக்கும் அதே கணக்குத்தான் என்று நினைக்கிறேன்.

1996 ஜூன் 23, கிங் ஆஃப் தி ரிங், மில்வாக்கி. மார்க் மெரோவோடு ஆடியபோது ஆஸ்டினின் உதடு கிழிந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். இறுதிப் போட்டியில் ஜேக் ராபர்ட்ஸை ஜெயிக்கணும், அப்புறம் மைக்கில் பேசணும். அதுவரை முடிவான விஷயம். ராபர்ட்ஸ் பைபிள் பேசி ப்ரோமோ கொடுத்திருக்கிறார் என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். "ஆஸ்டின் 3:16" என்பது பைபிளின் யோவான் 3:16 வசனத்தைக் கிண்டலடித்து அங்கேயே வந்த வார்த்தை. எழுத்தாளர் குழு ஒன்று உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்த வரியை வெட்டியிருப்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது.

சிஎம் பங்கின் 2011 ஜூன் 27 பேச்சையும் பலர் "கட்டுமீறினார்" என்கிறார்கள். அந்த நேரத்தையும் மைக்கையும் அவர் கையில் கொடுத்ததே நிறுவனம்தான். வார்த்தையை மட்டும் அவரிடமே விட்டார்கள். அந்த வார்த்தைகள் வேறொருவர் எழுதியதாக இருந்தால், மேடை ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவ்வளவு நிதானமாகச் சொல்ல முடிந்திருக்குமா? ஜான் மாக்ஸ்லி 2019-இல் டபிள்யூடபிள்யூஇ-யை விட்டு வெளியே வந்ததும் முதலில் குமுறியது எழுதிக் கொடுத்த ப்ரோமோக்களைப் பற்றித்தான். தன் வாயில் ஒட்டாத வசனத்தைச் சொல்லச் சொன்னார்கள் என்பது அவர் வருத்தம்.

அப்புறம் கூட்டத்தை மறந்துவிடாதீங்க. 2014 ராயல் ரம்பிளில் (30 பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து மோதும் மேட்ச்) பட்டிஸ்டா ஜெயித்தபோது அரங்கமே ஊளையிட்டது. 30-ஆவது ஆளாக வந்தது அவர்கள் எதிர்பார்த்த டேனியல் பிரையன் இல்லை என்று தெரிந்ததும், அவர்கள் உயிராக நினைக்கும் ரே மிஸ்டீரியோவுக்கே ஊளை. ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸில் டிரிபிள் ஹெச்சை ஜெயித்து, அதே இரவு ஆர்ட்டன், பட்டிஸ்டா இருவரையும் தாண்டி பிரையன்தான் பட்டத்தோடு நின்றார். எழுதி வைத்த பெரிய கதையையே சனம் திருத்தியது.

மூன்றாம் கயிறு:

அருமை. அண்ணா, அந்தக் கணுக்கால் மேட்சைப் படிக்கும்போதே நெஞ்சு அடைத்தது. ஆனால் கிரியேட்டிவ் கண்ட்ரோல் கேள்வியை இன்னும் யாரும் தொடவில்லை. ரிங்குக்குள் மாற்றுகிற உரிமை ரெஸ்லருக்கு வேணும் என்றால், அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதும் நியாயம்தானே?

கோடுபோட்ட சட்டை:

இல்லை தம்பி. நான் சொன்ன உரிமை வேறு, ஹோகன் டபிள்யூசிடபிள்யூ-வில் (டபிள்யூடபிள்யூஇ-க்குப் போட்டியாக இருந்த நிறுவனம்) வாங்கி வைத்திருந்த உரிமை வேறு. ஒன்று மேட்சின் நடுப்பகுதிக்கு உரியது. மற்றது முடிவுக்கு உரியது. முடிவின் மேல் உரிமை வாங்கியவர், கதை எங்கே போகணும் என்பதையும் தன் கணக்கைப் பார்த்தே முடிவு செய்வார்.

1997 டிசம்பர் 28, ஸ்டார்கேட். ஸ்டிங் ஒரு வருஷத்துக்கு மேல் வாய் திறக்காமல், முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு அரங்கின் கூரையிலிருந்து இறங்கி இறங்கி வந்து நின்ற கதை. சனம் கேட்டது ஒன்றே ஒன்று. ஸ்டிங் வரணும், ஹோகனை அடிக்கணும், சந்தேகமே இல்லாமல் ஜெயிக்கணும். நடந்தது என்ன? மேட்சின் பெரும்பகுதி ஹோகன் கை ஓங்கியே போனது. ஹோகன் லெக் டிராப் (காலை மேலே போட்டு விழும் அடி) போட்டு 'பின்' எடுத்தார். நடுவர் நிக் பேட்ரிக் வேகமாக எண்ணி ஏமாற்றணும், அதைக் காரணம் காட்டி பிரெட் ஹார்ட் வந்து மேட்சைத் திரும்பத் தொடங்க வைக்கணும். ஆனால் எண்ணிக்கை வழக்கமான வேகத்தில்தான் விழுந்தது. ஏன் என்பதற்குச் சம்பந்தப்பட்டவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. டிவியில் பார்த்தவனுக்குத் தெரிந்தது ஹோகன் சுத்தமாக ஜெயித்துவிட்டார் என்பதுதான். அதற்கப்புறம் ஸ்டிங் பிடி போட்டு ஜெயித்தது யார் மனசிலும் ஏறவில்லை. எவ்வளவோ மாதம் பொறுமையாகக் கட்டியது ஒரு கையெண்ணிக்கையில் போச்சு. நடுவராக இருந்தவனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

ஆனால் அதே ஹோகனை 2002 மார்ச் 17, டொராண்டோவில் பாருங்க. ராக் ஃபேஸ், ஹோகன் ஹீல், எழுதப்பட்டது அப்படி. அரங்கம் ஹோகன் பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்று கேட்கிறார்கள். பிறகு ராக் மெதுவாக முரட்டு ஆளாக மாறுகிறார், ஹோகன் பழைய ஹோகனாக மாறுகிறார். முடிவில் மாற்றமில்லை, ராக்தான் ஜெயித்தார். காதைத் திறந்து வைத்த ஹோகன் எவ்வளவு பெரிய கலைஞர் என்பதற்கு எனக்கு இந்த ஒரு மேட்ச் போதும்.

பிரெட் ஹார்ட் கதை வேறு மாதிரி. அவர் நிறுவனத்தை விட்டு விலகிப் போகிற நேரம், ஒப்பந்தத்தில் கடைசி 30 நாளுக்கு நியாயமான கிரியேட்டிவ் கண்ட்ரோல் என்று எழுதியே இருந்தது. 1997 நவம்பர் 9, மாண்ட்ரியல். மேட்ச் குழப்பத்தில், தகுதிநீக்கத்தில் முடியணும் என்று பேசி ஒத்துக்கொண்டாயிற்று. எதிராளி ஷான் மைக்கேல்ஸ் ஷார்ப்ஷூட்டர் என்ற கால் பிடியைப் போட்டதும் நிறுவன முதலாளி வின்ஸ் மக்மஹோன் ரிங் ஓரத்தில் நின்று மணியை அடிக்கச் சொன்னார். பிரெட் விட்டுக்கொடுக்கவே இல்லை. நடுவர் ஏர்ல் ஹெப்னருக்கு மேட்சுக்குச் சற்று முன்புதான் விஷயம் சொல்லப்பட்டது என்கிறார்கள். அவரை பிரெட் நம்பியிருந்தார். தாளில் உரிமை இருந்தது, மணி வேறொருவர் கையில் இருந்தது. ரிங்குக்குள் ஒருவர் உடம்பை இன்னொருவர் கையில் கொடுக்கிற தொழிலில், அன்றைக்கு உடைந்ததை எந்த ஷரத்தும் ஒட்ட வைக்காது.

என் வரைக்கும் ஒரு ரெஸ்லர் எழுதி வாங்கவேண்டியது இதுதான்: உடம்புக்கு ஆபத்து என்று தோன்றும் எந்த அசைவையும், எந்த நொடியிலும், விளக்கம் சொல்லாமல் மறுக்கும் உரிமை. ஃபினிஷ் புக்கருடையது (கதையையும் முடிவையும் தீர்மானிப்பவர்). நடுவில் இருப்பது ரிங்கில் இருக்கும் இரண்டு பேருடையது.

ஏணிப் பிரியன்:

உடம்பு விஷயத்தில் முழுக்க உங்களோடு நிற்கிறேன் அண்ணா. ஆனால் ஃபினிஷ் புக்கருடையது என்று விட்டுவிட்டால், புக்கர் வேண்டுமென்றே ஒருவர் பேரைக் கெடுக்க நினைத்தால்? பிரெட் பயந்தது அதைத்தானே. தன் சொந்த நாட்டில், தனக்கு ஆகாத ஒருவரிடம் தோற்கமாட்டேன் என்றார். அதை ஆணவம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கோடுபோட்ட சட்டை:

எனக்கும் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன். ஆனால் மறுப்பதற்கான இடம் அறைக்குள், மேட்சுக்கு முன்னால். அவரும் அங்கேதான் மறுத்தார், அங்கே "சரி" என்று சொன்னவர்கள்தான் வார்த்தை தவறினார்கள்.

மூன்றாம் கயிறு, இந்த வாரம் நியூ ஆர்லியன்ஸ் மேட்சைத் திரும்பப் போட்டால் அடியைப் பார்க்காதீங்க, பிடிகளைப் பாருங்க. ஹெட்லாக் விழும்போதெல்லாம் முகம் எந்தப் பக்கம் மறைகிறது, விட்டதும் வேகம் எப்படி மாறுகிறது என்று கவனித்தால், எங்கே பேசினார்கள் என்று நீங்களே கண்டுபிடிப்பீங்க.

மூன்றாம் கயிறு:

இன்றைக்கு ராத்திரியே போடுகிறேன் அண்ணா. அப்படியே சாவேஜ் மேட்சையும் பக்கத்தில் ஓட விட்டு, அதில் ஹெட்லாக் எத்தனை நொடி நிற்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.